20 டிகிரி எண்ணை நம்பி 38 டிகிரி அறையில் வேலை செய்யலாமா?

காரைக்குடிக்கு அருகே ஓர் ஊரில் பழைய வீடு ஒன்றைப் புதுப்பித்துக்கொண்டிருந்தவர்கள், சென்ற சித்திரையில் ஒரு பெயிண்ட் ரிமூவர் டின்னை என்னிடம் கொண்டுவந்தார்கள். வளவை ஒட்டிய சன்னலில்லாத அறையில் தேக்குக் கதவைப் படுக்கவைத்து, குந்தி அமர்ந்து பெயிண்டைச் சுரண்டிக்கொண்டிருந்த ஆசாரிக்குத் தலை சுற்றி வாந்தி வந்திருக்கிறது. முற்றத்துக்குத் தூக்கிவந்து காற்றாட வைத்த பிறகே அவருக்குத் தெளிந்திருக்கிறது. டின்னுடன் வந்த பாதுகாப்புத் தரவுத் தாளில் ஆவியழுத்தம், அதாவது மூடிய கலத்தில் திரவத்தின் ஆவி தரும் அழுத்தம், என்ற இடத்தில் ஒரே ஓர் எண்தான் இருந்தது: 20 டிகிரி செல்சியஸில் 47 கிலோ பாஸ்கல் (அழுத்தத்தின் அலகு). அன்று அந்த அறையின் வெப்பநிலை 38 டிகிரி.

அந்த ரிமூவரின் முதன்மைப் பொருள் டைகுளோரோமீத்தேன் என்ற, எளிதில் ஆவியாகும் கரைப்பான். 20 டிகிரியில் தண்ணீரின் ஆவியழுத்தம் 2.3 கிலோ பாஸ்கல்தான் என்பதை அருகில் வைத்துப் பார்த்தால், 47 என்பது எவ்வளவு பெரிய எண் என்று விளங்கும். ஆனால் ஆவியழுத்தம் வெப்பநிலையோடு சீராக ஏறுவதில்லை, தாவி ஏறுகிறது. இந்தத் திரவம் ஏறத்தாழ 40 டிகிரியிலேயே கொதித்துவிடும். அதாவது அந்த வெப்பத்தில் அதன் ஆவியழுத்தம் காற்றழுத்தமான 101 கிலோ பாஸ்கலையே எட்டிவிடுகிறது. தாளில் இருந்த எண் பொய்யல்ல. நம்மூர்க் கோடைக்கு அது பொருந்தவில்லை, அவ்வளவே.

ஆகவே நானே அளந்து பார்த்தேன். இந்த அளவீட்டில் பிழை பெரும்பாலும் அழுத்தமானியால் வருவதில்லை, திரவத்தில் கரைந்திருக்கும் காற்றால் வருகிறது. அந்தக் காற்றை நீக்காவிட்டால், அதன் அழுத்தமும் சேர்ந்து எண் கூடிவிடும். தூய பொருளாக இருந்தால், குறைந்த அழுத்தத்தில் மெல்லக் கொதிக்கவிட்டே காற்றை விரட்டிவிடலாம். ரிமூவரோ மெத்தனாலும் மெழுகும் சேர்ந்த கலவை. அதைக் கொதிக்கவிட்டால் எளிதில் ஆவியாகும் பகுதிதான் முதலில் வெளியேறும், எஞ்சியதை அளந்தால் உண்மையைவிடக் குறைந்த எண்ணே கிடைக்கும். எனவே மாதிரியைத் திரவ நைட்ரஜனில் உறையவைத்து, மேலிருக்கும் காற்றைப் பம்பால் இழுத்து, மூடி உருகவிட்டு, மீண்டும் உறையவைக்க வேண்டும். உருகும்போது கண்ணாடிச் சுவரோரம் சிறு குமிழ்கள் எழுவதைக் காணலாம். குமிழ் எழுவது நிற்கும்வரை இதைத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். பாதி தீர்ந்த டின்னிலிருந்து எடுத்த மாதிரியையும் நான் ஏற்பதில்லை. அதிலும் லேசான பகுதி ஏற்கெனவே போயிருக்கும்.

பிறகு நீர்த்தொட்டியில் 10, 20, 30 டிகிரிகளில் வைத்து அழுத்தத்தைக் குறித்துக்கொண்டேன். பொருளாதார ஒத்துழைப்பு, வளர்ச்சிக்கான பன்னாட்டு அமைப்பான ஓஇசிடியின் 104ஆம் சோதனை வழிகாட்டி குறைந்தது இரண்டு வெப்பநிலைகளில் அளக்கச் சொல்கிறது, மூன்றோ அதற்கு மேலோ இருந்தால் நல்லது என்கிறது. அழுத்தத்தின் மடக்கையை (லாகரிதம்) கெல்வின் வெப்பநிலையின் தலைகீழ் மதிப்புக்கு எதிரே குறித்தால், புள்ளிகள் ஏறத்தாழ ஒரே நேர்கோட்டில் அமையும். ஒரு புள்ளி விலகி நின்றால் காற்று முழுதும் நீங்கவில்லை என்றே முதலில் ஐயுற வேண்டும். கோட்டை 38 டிகிரிவரை நீட்டிப் பார்த்தேன். எண் காற்றழுத்தத்துக்கு மிக அருகில் போய் நின்றது.

அந்த எண் அறைக்குள் என்ன செய்யும்? நீளம், அகலம், உயரம் மூன்றும் 3 மீட்டர் உள்ள அறை 27 கன மீட்டர் காற்றைக் கொள்ளும். ஒரு லிட்டர் டைகுளோரோமீத்தேன் முழுதும் ஆவியானால் சுமார் 390 லிட்டர் ஆவியாகும், அது அறைக் காற்றில் 14,000 பிபிஎம்மை (பத்து லட்சம் பங்கு காற்றில் இத்தனை பங்கு) தாண்டும். உயிருக்கு உடனடி ஆபத்து என்று அமெரிக்காவின் பணியிடப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் வகுத்திருக்கும் அளவு 2,300 பிபிஎம். அந்த அளவை எட்ட 200 மில்லி லிட்டரே போதும். இந்த ஆவி காற்றைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு கனமானது என்பதால் தரையோரமாகத் தேங்கும், குந்தி வேலை செய்பவரின் மூக்கும் அங்கேதான் இருக்கும். உடலுக்குள் போனபின் இதன் ஒரு பகுதி கார்பன் மோனாக்சைடாக மாறுகிறது. அதனால் வெளியே வந்தபின்னும் தீங்கு தொடர்கிறது.

மெழுகு கலந்திருப்பதால் ஆபத்தில்லை என்று கடைக்காரர் சொன்னாராம். மேலே படியும் மெழுகுப் படலம் ஆவியாகும் வேகத்தைக் குறைக்கிறது என்பது உண்மையே, ஆனால் ஆவியழுத்தத்தை அது குறைப்பதில்லை. சுரண்டி இழுக்கும்போது படலம் கிழிந்துவிடுகிறது. தடுப்பு இல்லாமல் போகும் அந்த நொடியில்தான் ஆசாரி கதவின் மீது குனிந்திருக்கிறார். துணி முகமூடி இந்த ஆவியைத் தடுக்காது. கரி வடிகட்டி முகமூடியிலும் இந்த ஆவி விரைவில் ஊடுருவிவிடுவதால் அதையும் நம்பக் கூடாது.

இத்தகைய டின் வாங்குவோர் விற்பவரிடம் 40 டிகிரிக்கான ஆவியழுத்தத்தைக் கேளுங்கள். தராவிட்டால் இன்னும் திறக்காத ஒரு டின்னை அளவீட்டுக்கு அனுப்புங்கள். டைகுளோரோமீத்தேன் இல்லாத ரிமூவர் கிடைத்தால் அதையே வாங்குங்கள். அந்த வீட்டில் இப்போது கதவுகளை முற்றத்துக்குத் தூக்கிவந்து, வெயில் ஏறுவதற்கு முன் காலையிலேயே சுரண்டுகிறார்கள், அதுவும் வேறு ரிமூவரைக் கொண்டு.