வீட்டில் பேடு மாற்றிய பின் எரியும் விளக்குகள்

ஹைபிரிட் கார்களின் பிரேக் வேலையைப் பல ஆண்டுகளாகச் செய்துவரும் என்னிடம் அடிக்கடி வரும் முறையீடு ஒன்று உண்டு. வீட்டிலேயே முன்சக்கரப் பிரேக் பேடுகளை மாற்றினோம், கழற்றியதை எல்லாம் இருந்தபடியே பொருத்தினோம், ஆனால் காரை ஆன் செய்ததும் பிரேக் விளக்கு, ஏபிஎஸ் (சக்கரம் பூட்டிக்கொள்வதைத் தடுக்கும் அமைப்பு) விளக்கு, சறுக்கல் தடுப்பு விளக்கு மூன்றும் சேர்ந்து எரிகின்றன என்பார்கள். ஸ்கேனரை மாட்டி, கணினியில் பதிந்த கோளாறுக் குறியீட்டை (கோடு) அழித்துப் பார்த்தோம், மறுபடியும் வந்துவிட்டது என்று அவர்கள் அடுத்துச் சொல்வதுதான் எனக்குக் கவலை தருகிறது. அந்தக் குறியீட்டைக் குறித்துக்கொள்ளாமல் அழிப்பவர், எந்த இடத்தில் கோளாறு என்று கார் எழுதிவைத்த ஒரே குறிப்பையும் சேர்த்தே அழித்துவிடுகிறார்.

சாதாரண காரில் பெடலை மிதிக்கும் விசை பிரேக் ஆயில் வழியாக நேராகச் சக்கரத்துக்குப் போகிறது. டொயோட்டா பிரியஸ் போன்ற பல ஹைபிரிட் கார்களில், பெடல் எவ்வளவு தூரம், எவ்வளவு அழுத்தத்தில் மிதிக்கப்பட்டது என்பதைச் சென்சார்கள் அளக்க, அதில் எவ்வளவு பங்கை மோட்டார் மின்சாரமாக மாற்றி எடுத்துக்கொள்வது, எவ்வளவு பங்கைப் பேடுகளுக்கு விடுவது என்று கணினி முடிவு செய்கிறது. அதற்காக ஒரு பம்ப், ஆயிலை உயர் அழுத்தத்தில் தேக்கி வைத்திருக்கிறது. கார் ஆஃப் ஆகியிருந்தாலும், ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தாலோ பெடலைத் தொட்டாலோ இந்த அமைப்பு விழித்துக்கொள்ளும் என்பது வீட்டில் வேலை செய்யும் பலருக்குத் தெரிவதில்லை.

விளக்கு எரிவதற்கு மிகப் பெரும்பாலும் இதுவே காரணம். புதிய தடிமனான பேடுக்கு இடம்கொடுக்க, காலிப்பரில் (பேடுகளை டிஸ்க்கின் மேல் அழுத்தும் பகுதி) உள்ள பிஸ்டனை உள்ளே தள்ளியிருப்போம். அது மீண்டும் பேடைத் தொடும் வரை பெடல் ஆழமாக இறங்கும். அந்த நேரத்தில் கணினி விழித்திருந்தால், பெடல் இவ்வளவு இறங்கியும் அழுத்தம் ஏறவில்லையே என்று கணக்குப் போட்டு, கசிவோ காற்றோ இருப்பதாகக் கோடு பதிந்துவிடும். காலிப்பர் கழன்று தொங்கும்போது அமைப்பு அழுத்தம் கொடுத்தால் பிஸ்டனே வெளியே வந்துவிடக்கூடும், அங்கே விரல் இருந்தால் நசுங்கும். எனவே, அந்த மாடலின் சர்வீஸ் கையேடு சொல்லும் முறையில் பிரேக் அமைப்பை முடக்கிவிட்டே, பல மாடல்களில் 12 வோல்ட் பேட்டரியின் நெகட்டிவ் இணைப்பைக் கழற்றிவிட்டே, காலிப்பரில் கை வைக்க வேண்டும். சாவியைக் காருக்கு அருகில் வைத்திருக்கவும் கூடாது.

பேட்டரியும் இதில் சம்பந்தப்பட்டதுதான். கதவைத் திறந்துபோட்டு மணிக்கணக்கில் வேலை செய்தால், விழித்திருக்கும் கணினிகள் சிறிய 12 வோல்ட் பேட்டரியை வடித்துவிடும். ஓய்வில் இருக்கும் நல்ல பேட்டரி 12.6 வோல்ட் அளவில் காட்டும். 12-க்குக் கீழே இறங்கியிருந்தால் பிரேக்கோடு தொடர்பில்லாத விளக்குகளும் வரிசையாக எரியும். எல்லா விளக்கும் ஒரே நேரத்தில் வந்தால் நான் முதலில் எடுப்பது வோல்ட்மீட்டரைத்தான்.

ஏபிஎஸ் விளக்கும் சறுக்கல் தடுப்பு விளக்கும் மட்டும் எரிந்தால், வேலை செய்த சக்கரத்தின் வேகச் சென்சாரைப் பாருங்கள். ஒருவர் கொண்டுவந்த காரில் காலிப்பரைக் கம்பியால் கட்டித் தொங்கவிட்டபோது சென்சார் ஒயர் இழுபட்டிருந்தது. வெளியிலிருந்து பார்த்தால் எந்தச் சேதமும் தெரியவில்லை, கனெக்டர் மட்டும் அரை மில்லிமீட்டர் பின்வாங்கியிருந்தது. அதை ‘க்ளிக்’ என்று அழுத்தியதோடு வேலை முடிந்தது. அவரோ அதற்குள் புதிய சென்சாரே வாங்கிவிட்டிருந்தார். டிஸ்க்கைத் தேய்த்துச் சுத்தம் செய்திருந்தால், பேரிங்கில் உள்ள, சென்சார் படிக்கும் காந்த வளையத்தில் இரும்புத்தூள் ஒட்டியிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

சிவப்பு பிரேக் விளக்கு வேறு விஷயம். ஹேண்ட் பிரேக் முழுதாக இறங்கியிருக்கிறதா, ஆயில் மட்டம் சரியா என்று பார்த்த பின்னும் அது அணையவில்லை என்றால் காரை நகர்த்தாதீர்கள். மின்னணுக் கட்டுப்பாடு தோற்றால் பெடலின் விசை நேரடியாகப் போக ஒரு மாற்றுவழி உண்டு. ஆனால் 2ஆம் தலைமுறை பிரியஸில் அது முன்சக்கரங்களுக்கு மட்டுமே போகிறது, மிக அழுத்தி மிதிக்கவும் வேண்டும்.

மலிவான ஸ்கேனர்கள் பெரும்பாலும் என்ஜின் கோடுகளை மட்டுமே படிக்கும். அதில் ‘கோளாறு இல்லை’ என்று வந்தால் பிரேக் நன்றாக இருக்கிறது என்று பொருளில்லை. பிரேக் கணினியைத் திறந்து படிக்கும் கருவிதான் வேண்டும். டொயோட்டா ஹைபிரிட்களில் சி1391 என்றால் அழுத்தத் தேக்கியில் கசிவு சந்தேகம். சி1345 என்றால் பிரேக் வால்வுகளின் அளவீட்டைக் கணினி கற்றுக்கொள்வது முடியவில்லை. இரண்டும் பிரேக் தொடர்பான விளக்குகளை எரிய வைக்கும், வைத்தியமோ முற்றிலும் வேறு.

பின்சக்கரத்தில் மின் ஹேண்ட் பிரேக் உள்ள கார்களில், பராமரிப்பு நிலைக்கு மாற்றாமல் கிளாம்பால் பிஸ்டனை நெருக்கியிருந்தால், உள்ளிருக்கும் மோட்டாரும் திருகும் சேதமாகியிருக்கலாம். ஆயில் குழாயையே திறந்திருந்தால், ஒருவர் மிதிக்க ஒருவர் ஏர் எடுக்கும் பழைய முறை பல ஹைபிரிட்களில் போதாது. பம்பையும் வால்வுகளையும் ஸ்கேன் கருவியால் இயக்கித்தான் காற்றை வெளியேற்ற முடியும். அந்த நிலையில் காரை ஓட்டிக்கொண்டு வராமல், இழுவை வண்டியில் ஏற்றி அனுப்புங்கள். எதை எந்த வரிசையில் கழற்றினீர்கள், இடையில் யாராவது பெடலை மிதித்தார்களா, கோடு அழிக்கப்பட்டதா என்பதையும் ஒரு தாளில் எழுதிக் கூடவே கொடுத்துவிடுங்கள்.