குழந்தைக்கு எதற்கு ‘கண்காணிப்பு’?

அங்கன்வாடிக் கையேடுகள், தொண்டு நிறுவனங்களின் துண்டறிக்கைகள், பயிற்சி வகுப்பில் சுவரில் ஓடும் படங்கள் என்று எங்கே பார்த்தாலும் ‘குழந்தை உரிமைகள் மற்றும் வளர்ச்சிக் கண்காணிப்பு’ என்று ஒரு தொடர் வந்து நிற்கிறது. ஆங்கிலத்தில் ‘மானிட்டரிங்’ என்று இருப்பதைத்தான் இப்படித் தமிழாக்குகிறார்கள். எழுதுகிறவருக்கு உறுத்தாது, ஏனென்றால் அவர் மனதில் ஆங்கிலச் சொல்தான் ஓடுகிறது. தமிழில் மட்டும் படிக்கிற ஒரு தாயிடம் ‘உங்கள் பிள்ளை கண்காணிப்பில் இருக்கிறான்’ என்று சொல்லிப் பாருங்கள், வயிறு கலங்கிவிடும். இதைச் சின்னப் பிழை என்று என்னால் விட்டுவிட முடியவில்லை. யார் யாருக்குப் பதில் சொல்ல வேண்டும் என்பதையே தலைகீழாக்குகிற பிழை இது.

முதலில் வேர். இலத்தீனில் ‘மொனேரே’ என்றால் நினைவூட்டு, எச்சரி, அறிவுரை சொல். அதிலிருந்து வந்த ‘மானிட்டர்’ நினைவூட்டுகிறவர். பள்ளிக்கூடத்தில் சக மாணவர்களைப் பார்த்துக்கொள்ளும் மூத்த பையனுக்கு அந்தப் பெயர் வந்தது. நம் திண்ணைப் பள்ளியில் அவன் சட்டாம்பிள்ளை. 1790களில் எழும்பூரில் படைவீரர்களின் அனாதைப் பிள்ளைகளுக்கான விடுதியை நடத்திய ஆண்ட்ரூ பெல், இங்கே பிள்ளைகள் மணலில் எழுதிப் படிப்பதைப் பார்த்து, பெரிய பிள்ளை சின்னப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கும் முறையை இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார், அதற்கு அங்கே ‘மதராஸ் முறை’ என்றே பெயர். பிறகு அந்தச் சொல் கருவிகளுக்கும் திட்டங்களுக்கும் பரவி, ஒன்றைத் தொடர்ந்து பார்த்து, விலகினால் உடனே சொல்லுவது என்ற பொருளில் நிலைத்துவிட்டது. தொடர்ச்சி, நினைவூட்டல், இந்த இரண்டும்தான் அதன் உயிர்.

சரி, ‘கண்காணி’ என்ன சொல்கிறது? பழைய சொல், நல்ல சொல், அதில் எனக்குச் சண்டை இல்லை. சோழர் காலக் கல்வெட்டுகளில் கோயில் காரியங்களை மேற்பார்த்தவர்களுக்குக் கண்காணி என்று பெயர் இருக்கிறது. கோயில் நெல்லும் பொன்னும் கைமாறுகிற இடத்தில் ஒருவர் கண் இருக்க வேண்டும் அல்லவா, அதற்காக. திருமூலர் இன்னும் தெளிவாகவே சொல்லிவிட்டார்: ‘கண்காணி இல்லென்று கள்ளம் பல செய்வார்’. அந்தப் பாட்டு முடிவதும் ‘களவொழிந்தாரே’ என்றுதான். கள்ளத்தில் தொடங்கிக் களவில் முடிகிற பாட்டின் நடுவே இந்தச் சொல் நிற்கிறது. யாரோ தப்பு செய்வார்கள் என்ற எண்ணம் அதன் எலும்பிலேயே இருக்கிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் அது கடல் தாண்டியபோது இன்னும் கசந்தது. இலங்கையின் கோப்பி, தேயிலைத் தோட்டங்களுக்கும் மலாயாவுக்கும் ஆள் பிடித்துக் கொண்டுபோனவர் கங்காணி. முன்பணம் கொடுத்துக் கடனில் கட்டுவார், தோட்டத்தில் வேலை வாங்குவார், ஒவ்வொரு தலைக்கும் காசு பெறுவார். தொழிலாளி வேறு தோட்டத்துக்குப் போகவேண்டுமானால் கடன் கணக்கு எழுதிய ‘துண்டு’ வேண்டும். இலங்கையில் அந்தத் துண்டு முறையை 1921இல்தான் ஒழித்தார்கள். மலையகத்தில் கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் கைக்குழந்தையை விட்டுப்போகிற இடத்துக்குப் பிள்ளைக் காம்பரா என்று பெயர். அந்தக் காம்பராவின் சுவரில் ‘கண்காணிப்பு அட்டவணை’ என்று எழுதி ஒட்டினால், நான்கு தலைமுறையாகக் கங்காணியின் குரலைக் கேட்ட குடும்பத்துக்கு அது என்னவாகக் கேட்கும் என்று மொழிபெயர்ப்பாளர் ஒருமுறை யோசித்திருக்கலாம்.

‘அதெல்லாம் பழைய கதை, சொல்லின் பொருள் மாறிவிட்டது’ என்று ஒரு பதில் வரும். மாறவில்லை. இன்றைக்குத் தெருமுனையில் இருப்பது கண்காணிப்பு கேமரா. மாவட்டக் காவல் துறைக்குத் தலைவர் கண்காணிப்பாளர். தேர்வறையில் காப்பி அடிக்கிறார்களா என்று பார்க்கிறவர் அறைக் கண்காணிப்பாளர். ரவுடிப் பட்டியலில் இருப்பவர்களைக் காவல் துறை தீவிரமாகக் கண்காணிக்கிறது என்று நாளிதழில் படிக்கிறோம். மருத்துவமனையிலும் ‘தீவிரக் கண்காணிப்பில்’ என்று செய்தி வந்தால் உறவினர் பதறித்தான் போகிறார்கள். இத்தனை இடத்திலும் சந்தேகமோ ஆபத்தோ உடன் வருகிறது. ஒன்பது மாதக் குழந்தையை எடை போடுவதற்கும் அதே சொல்லா?

இதில் இன்னொரு கேடு. உண்மையான கண்காணிப்பு வரும்போது அதைச் சொல்ல நமக்குச் சொல் இல்லாமல் போகிறது. 2021இலிருந்து அங்கன்வாடிப் பணியாளர் எடையையும் உயரத்தையும் ‘போஷன் டிராக்கர்’ என்ற ஒன்றிய அரசின் கைபேசிச் செயலியில் ஏற்ற வேண்டும். வீட்டுக்குக் கொடுக்கும் சத்துணவுக்கு முகத்தைப் படம் பிடித்துச் சரிபார்க்கும் முறையும் அதில் சேர்ந்துவிட்டது. எடை பார்ப்பது ஒன்று, சத்துமாவு வாங்க வந்தவரின் முகத்தைச் சோதிப்பது வேறு. இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டுவிட்டால், இரண்டாவது சரியா தவறா என்று கேட்கவே வழியில்லை.

உண்மையில் ‘மானிட்டரிங்’ என்று சொல்லும்போது மூன்று வேறு வேலைகளைச் சொல்கிறார்கள். தமிழில் மூன்றும் ஒரே குழியில் விழுகின்றன.

ஒன்று, தனிக் குழந்தையின் எடையையும் உயரத்தையும் மாதாமாதம் பார்ப்பது. நைஜீரியாவில் வேலை செய்த டேவிட் மோர்லி என்ற மருத்துவர் உருவாக்கிய வளர்ச்சி அட்டையைத் தாயே வீட்டில் வைத்துக்கொள்வார். கோடு மேலே ஏறுகிறதா, படுத்துவிட்டதா என்று அவரே பார்க்கலாம். தமிழ்நாட்டில் 1980இல் உலக வங்கிக் கடனோடு தொடங்கிய ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டத்திலும் ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையான குழந்தைகளை மாதந்தோறும் எடைபோட்டு, எடை ஏறாத குழந்தைக்கு மட்டும் கூடுதல் உணவு கொடுத்தார்கள். தாயின் கையில் அட்டை இருக்கிற ஏற்பாடு நினைவூட்டல்தான், காவல் அல்ல. அங்கன்வாடியில் இதற்கு என்ன சொல்கிறார்கள்? ‘எடை பார்க்க வாங்க’ என்கிறார்கள். அவ்வளவுதான், எல்லோருக்கும் புரிகிறது.

இரண்டாவது, ஒரு ஊரின், ஒரு வட்டாரத்தின் குழந்தைகள் மொத்தமாக எப்படி இருக்கிறார்கள் என்று பார்ப்பது. கனடாவில் மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் டான் ஆஃபர்டும் மக்டலேனா ஜானஸும் இதற்கென்று ஒரு வினாத்தாளை உருவாக்கினார்கள். மழலை வகுப்பு ஆசிரியர் அதை நிரப்புவார்: உடல்நலம், பிறரோடு பழகுதல், மன முதிர்ச்சி, மொழியும் சிந்தனையும், பேச்சும் பொது அறிவும் என்று ஐந்து பகுதிகள். பிரிட்டிஷ் கொலம்பியாவில் அதன் முடிவுகளைத் தெருப்பகுதி வாரியாக வரைபடமாகவே போட்டார்கள். ஆஸ்திரேலியாவில் 2009 முதல் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை நாடு முழுவதும் நடக்கிறது. இந்த முடிவை வைத்து ஒரு குழந்தைக்கு ‘பின்தங்கியது’ என்று முத்திரை குத்தக் கூடாது, அதற்காகச் செய்த கருவியே அல்ல அது. எந்த வட்டாரத்துக்கு என்ன குறை, அரசு எங்கே பணம் போட வேண்டும் என்பதுதான் கேள்வி. இதையும் ‘குழந்தை வளர்ச்சிக் கண்காணிப்பு’ என்று மொழிபெயர்த்தால், பெற்றோர் தங்கள் பிள்ளைக்கு ஏதோ தேர்வு என்று பயப்படுவதில் என்ன வியப்பு?

மூன்றாவதுதான் எனக்கு மிக முக்கியம்: உரிமைகளை மானிட்டர் செய்வது. 1989இல் ஐ.நா. பொதுச்சபை ஏற்ற குழந்தை உரிமைகள் உடன்படிக்கையில் இலங்கை 1991இலும் இந்தியா 1992இலும் சேர்ந்தன. சேர்ந்த நாடு இரண்டு ஆண்டுக்குள் முதல் அறிக்கை தர வேண்டும், பிறகு ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை. அதைப் படித்துக் கேள்வி கேட்பது 18 வல்லுநர்கள் கொண்ட குழு. இந்தியாவின் 2009ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தில் 31ஆம் பிரிவின் தலைப்பிலேயே ‘மானிட்டரிங்’ என்ற சொல் இருக்கிறது. அங்கே குழந்தை உரிமைப் பாதுகாப்பு ஆணையத்துக்குக் கொடுத்த வேலை என்ன? பாதுகாப்புகள் சரியாக இருக்கின்றனவா என்று ஆராய்வது, புகார்களை விசாரிப்பது. இங்கே பார்க்கப்படுவது யார்? அரசு! குழந்தையுமில்லை, தாயுமில்லை, குறைந்த சம்பளத்துக்கு அங்கன்வாடியில் உழைக்கும் பெண்ணுமில்லை. ‘குழந்தை உரிமைக் கண்காணிப்பு’ என்று பெயர்ச்சொற்களைக் கோத்து எழுதினால் கடமைப்பட்ட அரசு அந்தத் தொடரிலிருந்து நழுவிப்போய், குழந்தை மட்டும் விளக்கு வெளிச்சத்தில் நிற்கிறது.

அப்புறம் என்ன சொல்வது? ‘மேற்பார்வை’ வேண்டாம், அது அங்கன்வாடிகளை நடத்தும் ஐசிடிஎஸ் திட்டத்தில் ஏற்கெனவே ஒரு பதவியின் பெயர், மேலதிகாரி கீழே இருப்பவரைப் பார்ப்பது. ‘தணிக்கை’ நடந்து முடிந்த கணக்கைப் பார்ப்பது, திரைப்படத்தை வெட்டுவதும் அதே சொல். இலங்கையில் புழங்கும் ‘அவதானிப்பு’ கண்காணிப்பைவிட எவ்வளவோ மேல், அதில் பகை இல்லை. ஆனால் ஒருமுறை உற்றுப் பார்ப்பதும் அவதானிப்புதான், தொடர்ச்சி வரவில்லை.

நான் சொல்வது ‘கவனித்துவருதல்’. தமிழில் ‘வா’ என்ற துணைவினை இந்த வேலையைக் காலகாலமாகச் செய்துகொண்டிருக்கிறது. பார்த்துவந்தார், கேட்டுவந்தார், எழுதிவந்தார். விட்டுவிடாமல், இடைவெளிவிட்டுத் திரும்பத் திரும்ப என்ற பொருள் அந்த ஓர் எழுத்தில் வந்துவிடுகிறது. ஆங்கிலம் தனிச் சொல் தேடிய இடத்தில் நமக்கு இலக்கணமே கைகொடுக்கிறது. ‘கவனி’ என்பதில் பராமரிப்பும் சேர்ந்து வருகிறது. நோயாளியைக் கவனிக்கிறோம், பிள்ளையைக் கவனிக்கிறோம். பார்த்துவிட்டு ஒன்றும் செய்யாமல் போவது கவனிப்பு ஆகாது. எடை குறைந்ததைக் குறித்துவிட்டு நகர்வதுதான் பல இடங்களில் நடக்கிறது என்பதால் இந்தப் பொருள் இங்கே தேவையும்கூட. லஞ்சத்துக்கும் ‘கவனிப்பு’ என்கிறார்களே என்பார்கள். சொல்லட்டும், குழந்தையோடு சேர்த்துச் சொல்லும்போது எந்தத் தமிழருக்கும் அந்தப் பொருள் தோன்றாது.

‘வளர்ச்சி’ என்பதிலும் ஒரு குழப்பம் இருக்கிறது. உடல் பெருப்பதும் வளர்ச்சி, பேச, பழக, யோசிக்கக் கற்பதும் வளர்ச்சி. அதனால் பலரும் எடையோடு நின்றுவிடுகிறார்கள். இரண்டாவதற்கு இலங்கையில் ‘விருத்தி’ என்பார்கள், நாமும் எடுத்துக்கொள்ளலாம். ‘மேம்பாடு’ சாலைக்கும் குடிசைப் பகுதிக்கும் இருக்கட்டும். ‘வளர்ச்சி மைல்கற்கள்’ என்பதைப் படிக்கும்போது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது. பிள்ளைத்தமிழ்ப் பாடல்களில் செங்கீரை, சப்பாணி, வருகை, அம்புலி என்று குழந்தை தலை நிமிர்த்தி ஆடுவதையும் கைகொட்டுவதையும் நடந்து வருவதையும் நிலாவைக் கூப்பிடுவதையும் மாதக் கணக்கோடு பருவமாகப் பிரித்த மொழி இது. உலக சுகாதார நிறுவனம் தானாக நடப்பதற்கு ஏறத்தாழ எட்டு மாதம் முதல் பதினேழரை மாதம் வரை என்று அகலமான எல்லை கொடுக்கிறது. ஒரு இடத்தில் நட்ட கல்லுக்கு அந்த அகலம் கிடையாது. ‘பருவம்’ என்ற சொல்லுக்கு உண்டு.

‘இளங்குழந்தைப் பருவம்’ என்று எழுதுகிறவர்கள் வயதையும் சேர்த்து எழுத வேண்டும். உடன்படிக்கைக் குழு 2005இல் வெளியிட்ட ஏழாவது பொதுக் கருத்துரை எட்டு வயதுக்கு உட்பட்ட எல்லோரையும் அதில் சேர்க்கிறது. அங்கன்வாடி ஆறு வயதோடு முடிகிறது, அதனால் இங்கே படிப்பவர்கள் ஒன்றாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளை இந்தக் கணக்கில் நினைப்பதே இல்லை. ஆறு வயதுக்குக் குறைந்தவர்களின் நிலையும் நன்றாக இல்லை: 2002ஆம் ஆண்டின் 86ஆவது இந்திய அரசியலமைப்புத் திருத்தம் அவர்களுக்கான கல்வியை அரசு முயல வேண்டிய நெறியாகத்தான் வைத்தது, ஆறு முதல் பதினான்கு வயதுக்குக் கொடுத்த அடிப்படை உரிமை அவர்களுக்கு இல்லை.

எனவே முதலில் சொன்ன அந்தத் தொடரை இப்படி எழுதலாம்: ‘பிறந்ததிலிருந்து எட்டு வயது வரை குழந்தையின் வளர்ச்சியைக் கவனித்துவருவதும், அதன் உரிமைகளை அரசு நிறைவேற்றுகிறதா என்று பார்த்துவருவதும்’. நீளம்தான். அட்டவணைத் தலைப்புக்குச் சுருக்கம் வேண்டுமென்றால் ‘வளர்ச்சி கவனிப்பு’, ‘உரிமை நிறைவேற்ற ஆய்வு’ என்று இரண்டாகப் போடுங்கள். முதலாவதில் குழந்தையின் பெயரை எழுத வேண்டும், இரண்டாவதில் துறையின் பெயரையும் பொறுப்பான அதிகாரியின் பதவியையும். இரண்டையும் ஒரே கட்டத்தில் நிரப்பச் சொல்லும் படிவங்களை மாற்றுவதிலிருந்து தொடங்கலாம்.