நடுவருக்குப் படி கொடுத்தது யார்?

டர்பனில் நான் பார்க்கும் தணிக்கை வேலையில் பாதி கம்பெனிக் கணக்கு. மீதியில் கோயில்கள், அறக்கட்டளைகள், அப்புறம் விளையாட்டுச் சங்கங்கள். சாட்ஸ்வொர்த், பீனிக்ஸ், மெரிபேங்க் பக்கம் சனி ஞாயிறுகளில் கால்பந்தும் கிரிக்கெட்டும் ஆடும் கிளப்புகள், அவை சேர்ந்திருக்கும் வட்டார லீக்குகள். ஒரு சங்கத்தின் கணக்கு என் மேசைக்கு வந்ததும், அந்த வருஷம் நடந்த ஆட்டங்களின் பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு, எந்தச் செலவு கணக்கில் இல்லை என்று தேடுவேன். ஆட்டம் நடந்திருக்கிறது, நடுவர் வந்திருக்கிறார், நடுவர் படி எங்கேயும் எழுதப்படவில்லை. டீம் பீட்டர்மாரிட்ஸ்பர்க் போய் வந்திருக்கிறது, வேன் வாடகைக்கு பில் இல்லை. அப்படியானால் வேறு யாரோ கொடுத்திருக்கிறார்கள். யார்? எதற்காக? கமிட்டிக்குத் தெரியுமா?

பெரும்பாலும் பதில் சாதாரணமாகவே இருக்கும். கடை வைத்திருக்கும் ஒருவர் டீசல் போட்டுக் கொடுத்திருப்பார்; அவர் பையனும் அந்த டீமில் ஆடுவான். அதில் தப்பில்லை, கூட்டக் குறிப்பில் ஒரு வரி எழுதி வைத்தால் போதும். அந்த ஒரு வரியை எழுதாமல் விடும் பழக்கம் மேல்மட்டம் வரை போனால் என்ன ஆகும் என்பதை இந்த நாடு 2010இல் பார்த்துவிட்டது.

உலகக் கோப்பைக்குச் சில வாரங்களே இருந்தன. தென்னாப்பிரிக்க அணி வரிசையாக நட்பு ஆட்டங்கள் ஆடிக்கொண்டிருந்தது. அப்போது ஃபுட்பால் ஃபோர் யூ என்ற சிங்கப்பூர் நிறுவனம் கால்பந்துச் சங்கமான சாஃபாவிடம் வந்தது. நடுவர்களை நாங்களே அழைத்து வருகிறோம், விமான டிக்கெட், தங்குமிடம், சாப்பாடு, ஆட்டப்படி எல்லாம் எங்கள் பொறுப்பு என்றது. சங்கம் ஒத்துக்கொண்டது. அந்த நிறுவனத்துக்குப் பின்னால் இருந்தவர் வில்சன் ராஜ் பெருமாள். பல நாடுகளில் ஆட்டங்களை விலைக்கு வாங்கியவர், 2011இல் பின்லாந்தில் பிடிபட்டுச் சிறைக்குப் போனவர். தமிழ்ப் பெயர்தான், எழுதும்போது மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது.

மே 31 அன்று பொலோக்வானேயில் குவாத்தமாலாவை நம் அணி 5-0 என்று வென்றது. நடுவர், நைஜர் நாட்டின் இப்ராஹிம் சைபு. பந்து கையில் பட்டது என்று அவர் கொடுத்த பெனால்டிகளை இப்போது பார்த்தாலும் வயிறு எரிகிறது. பந்தயச் சந்தையில் யார் ஜெயிப்பார்கள் என்பதோடு, மொத்தம் எத்தனை கோல் விழும் என்பதற்கும் பணம் கட்டலாம். இரண்டாவது வகைக்கு ஆட்டக்காரர் ஒருவரைக்கூட வாங்க வேண்டியதில்லை. விசில் வைத்திருக்கும் ஒருவர் போதும்.

சொந்த அணி ஐந்து கோல் போட்டு ஜெயித்தால், பெனால்டி சரியா தப்பா என்று அரங்கத்தில் யார் கேட்பார்கள்? மோசடிக்காரர்கள் கணக்குப் போட்டதும் இதைத்தான். ஆனால் ஒருவர் கேட்டார். சங்கத்தில் நடுவர் பிரிவைக் கவனித்துக்கொண்டிருந்த ஸ்டீவ் காடார்டுக்குச் சந்தேகம் வந்தது. ஜூன் 5 அன்று டென்மார்க்குடன் நடந்த ஆட்டத்துக்கும் அதே சைபு தயாராக வந்திருந்தார். காடார்டு அவரை இறக்கவிடாமல் உள்ளூர் நடுவரை வைத்து ஆட்டத்தை நடத்தினார். உலகக் கோப்பை தொடங்க ஒரு வாரம்கூட இல்லாத நேரத்தில் அப்படி ஒரு முடிவு எடுக்கத் தைரியம் வேண்டும். இந்தக் கதையில் நான் மனசாரக் கும்பிடும் ஆள் அவர்.

அப்புறம் நடந்தது ஆமை வேகம். ஃபிஃபாவின் விசாரணை அறிக்கை 2012 கடைசியில் வெளிவந்தது. சாஃபா அதிகாரி லிண்டிலே கிகாவுக்கு 2015இல் 6 ஆண்டு தடை. சங்கத்தின் முன்னாள் தலைவர் கிர்ஸ்டன் நெமடண்டானிக்கு 2016இல் 5 ஆண்டு. சைபுவுக்கு ஆயுள் தடையும் 2 லட்சம் சுவிஸ் பிராங்க் அபராதமும் 2019இல்தான் வந்தன. ஆட்டத்துக்கும் தீர்ப்புக்கும் நடுவே ஏறக்குறைய 9 ஆண்டு. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன்பு கமிட்டியில் ஒருவர், “நடுவருக்கு வெளியாள் ஏன் காசு கொடுக்கிறார்?” என்று கேட்டிருந்தால் அங்கேயே முடிந்திருக்கும்.

கிரிக்கெட் பக்கம் பணம் வேறு வழியில் போனது. 2009இல் ஐபிஎல் போட்டிகள் இந்தியாவிலிருந்து இங்கே மாற்றப்பட்டன. டர்பன் கிங்ஸ்மீட் மைதானமும் நிரம்பி வழிந்தது. அந்த வருமானத்திலிருந்து நாட்டின் கிரிக்கெட் வாரியமான கிரிக்கெட் சவுத் ஆப்பிரிக்காவின் ஊழியர்களுக்கு போனஸாக ஏறக்குறைய 47 லட்சம் ரேண்ட் போனது. தலைமை நிர்வாகி ஜெரால்ட் மஜோலாவின் பங்கு மட்டும் சுமார் 18 லட்சம். சம்பளம், போனஸ் விஷயங்களைப் பார்க்கும் குழுவிடம் அது காட்டப்படவே இல்லை. நீதிபதி கிறிஸ் நிக்கல்சன் விசாரித்து 2012 மார்ச்சில் அறிக்கை தந்தார். மஜோலா அதே ஆண்டு நீக்கப்பட்டார்.

எல்லோரும் அந்த போனஸ் தொகையைப் பற்றியே பேசினார்கள். எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது அறிக்கையின் இன்னொரு பரிந்துரை. வாரியம் சிறியதாக இருக்க வேண்டும், அதில் மாகாணச் சங்கங்களைச் சேராத சுயேச்சையான ஆட்கள் பெரும்பான்மையாக இருக்க வேண்டும் என்றார் நீதிபதி. அது நடைமுறைக்கு வந்தது 2021இல். அதுவும் அரசு தலையிடுவேன் என்று விளையாட்டு அமைச்சர் கறாராகச் சொன்ன பிறகு. தங்கள் நாற்காலியைத் தாங்களே காலி செய்யும் தீர்மானத்துக்கு யாரும் லேசில் கை தூக்கமாட்டார்கள். சின்ன லீக் கூட்டங்களிலும் இதையேதான் பார்க்கிறேன்.

சூதாட்டத் தரகர்களிடம் பணம் வாங்கிய கிரிக்கெட் அணித் தலைவர் ஹான்சி குரோன்யேயின் விவகாரம் எல்லோருக்கும் தெரிந்தது என்பதால் நீட்டவில்லை. 2000இல் அது வெளியே வந்த பிறகு, 2004இல் வந்த ஊழல் தடுப்புச் சட்டத்தில் விளையாட்டுப் போட்டிகளுக்கென்றே 15ஆவது பிரிவு சேர்க்கப்பட்டது. அதன் கீழ் கிரிக்கெட் வீரர் குலாம் போடிக்கு 2019இல் 5 ஆண்டு சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. தப்பு செய்த ஆட்டக்காரர் தண்டனை அனுபவிக்கட்டும். ஆனால் ஜெயிலுக்குப் போகும் ஆட்டக்காரரின் படம் முதல் பக்கத்தில் வருகிறது, பணத்துக்கு வழிவிட்ட நிர்வாகி தடைக்காலம் முடிந்து மாலையோடு மேடையேறுகிறார். இந்த வித்தியாசத்தை என்னால் ஏற்க முடியவில்லை.

உள்ளூரில் வருவது இதே வியாதியின் சின்ன வடிவம். ஒரு லீக்கின் கணக்கில் ஜெர்சி வாங்கிய பில்லைப் பார்த்தேன். ஒரே கடையிலிருந்து மூன்று சீசனாக வாங்கியிருக்கிறார்கள், வேறு கடையில் விலை விசாரித்ததற்குத் தாள் இல்லை. கடை யாருடையது என்று கேட்டபோது செயலாளர் அண்ணன், “பொருளாளர் மச்சானோடதுதான் தம்பி. எல்லாம் நம்ம ஆளுங்கதானே, அநியாய விலையா போடப்போறான்?” என்றார். வெளியே விசாரித்தோம். விலை நியாயமாகத்தான் இருந்தது. இருந்தாலும் அந்த அண்ணனிடம் சொன்னேன்: விலை சரி, முறை சரியில்லை. பொருளாளர் உறவைக் கூட்டத்தில் சொல்லட்டும், அந்த முடிவு எடுக்கும்போது வெளியே போய் நிற்கட்டும், மூன்று கடையில் விலை வாங்குங்கள், அதற்குப் பிறகும் மச்சான் கடைதான் மலிவு என்றால் தாராளமாக அங்கேயே வாங்குங்கள். முகம் கொஞ்சம் சுருங்கியது. அடுத்த சீசனில் அப்படியே செய்தார்கள்.

இந்த ஊரில் நாம் இதைக் கேட்பதற்குக் கூடுதலாக ஒரு காரணமும் இருக்கிறது. 1963இல் நேட்டால் ஓப்பன் கோல்ஃப் பட்டத்தை வென்ற பாப்வா செவ்கோலத்துக்கு, இந்தியர் என்பதால் கிளப் கட்டடத்துக்குள் இடமில்லை. கோப்பையைக் கொட்டும் மழையில் வெளியே நிற்கவைத்துக் கொடுத்தார்கள். கரீஸ் ஃபவுன்டன் மைதானத்தில் காசில்லாமல் ஆட்டம் நடத்திய தலைமுறையும், டர்பனில் பிறந்து லண்டனிலிருந்து நிறவெறி விளையாட்டை எதிர்த்த சாம் ராம்சாமியும், அணியை யார் தேர்ந்தெடுக்கிறார்கள், யாரை வெளியே நிறுத்துகிறார்கள் என்று கேட்டுக் கேட்டுத்தான் கதவைத் திறந்தார்கள். அந்தக் கதவு வழியாக உள்ளே போனவர்கள் நாம்.

கமிட்டியில் இருப்பவர்கள் சட்டத்தில் இரண்டு விஷயங்களைத் தெரிந்து வைத்திருங்கள். 1 லட்சம் ரேண்டோ அதற்கு மேலோ ஊழல் நடந்ததாகத் தெரிந்தாலும், சந்தேகம் இருந்தாலும், ஒரு நிறுவனத்தை நடத்தும் பொறுப்பில் உள்ளவர் போலீஸில் சொல்லியாக வேண்டும். சொல்லாமல் விடுவதே குற்றம் என்கிறது அதே 2004 சட்டத்தின் 34ஆவது பிரிவு. இன்னொன்று, லாபநோக்கற்ற அமைப்பாகப் பதிவு செய்த சங்கம், நிதியாண்டு முடிந்து 9 மாதத்துக்குள் ஆண்டறிக்கையையும் கணக்கையும் சமூக மேம்பாட்டுத் துறைக்கு அனுப்ப வேண்டும். அனுப்பாமல் தூங்கும் சங்கங்கள் நிறைய. லாட்டரி நிதியைச் சுருட்ட, பதிவான அமைப்புகளின் பெயரை அவற்றுக்கே தெரியாமல் பயன்படுத்திய கதைகளும் வெளியே வந்திருக்கின்றன. உங்கள் சங்கத்தின் பதிவு யார் பெயரில், யார் முகவரியில் இருக்கிறது என்று இந்த வாரமே பாருங்கள்.

உறுப்பினராக மட்டும் இருப்பவர்களுக்கும் வேலை இருக்கிறது. ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் வரவு செலவை வாசித்து முடித்ததும் வழக்கமாக யாராவது “ஏற்கிறோம்” என்பார்கள், டீ வரும். அதற்கு முன்னால் கையைத் தூக்கி மூன்று தாள்களைக் கேளுங்கள்: நன்கொடையாகவும் இலவசமாகவும் வந்தவற்றின் பட்டியல், கமிட்டியினர் தங்கள் உறவையும் வியாபாரத்தையும் தெரிவித்த பதிவேடு, வங்கிக் கணக்கில் கையெழுத்து அதிகாரம் உள்ளவர்களின் பெயர்கள். தாள் இல்லை என்று பதில் வந்தால், அந்தப் பதிலையும் கூட்டக் குறிப்பில் எழுதச் சொல்லுங்கள்.