கன்கரன்ட் பல்க் இன்சர்ட்: உடனிகழ் மொத்தப் பதிவு

ஒரு வலைச்செயலிக்குள் பலர் கட்டுக்கட்டாகத் தரவை அனுப்புகிறார்கள். ஒருவர் அனுப்பியது தரவுத்தளத்தில் ஏறி முடிவதற்குள் அடுத்தவருடையது வந்துவிடுகிறது. இதைத்தான் 'கன்கரன்ட் பல்க் இன்சர்ட்' என்கிறோம். இதைத் தமிழில் எப்படிச் சொல்வது, எப்படிச் சோதிப்பது என்று பார்ப்போம்.

ராமேஸ்வரம் துறைமுகத்தை எடுத்துக்கொள்வோம். பாக் நீரிணைப் பக்கம் விசைப்படகுக்கும் நாட்டுப்படகுக்கும் கடலுக்குப் போகும் நாட்கள் தனித்தனி. அதனால் விசைப்படகுகள் கூட்டமாகப் போய் மறுநாள் காலை கூட்டமாகவே கரை திரும்பும். இறால், நண்டு, கணவாய், சங்காயம் என்று வகை பிரித்து எடை போடுவார்கள். அந்த எடைக்கணக்கை ஒரு வலைச்செயலியில் ஏற்றுவதாக வைத்துக்கொண்டால், விடிந்து சில மணி நேரத்துக்குள் எல்லாப் படகின் கணக்கும் வந்து குவியும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம் முடிந்து படகுகள் முதல்முறை கரை திரும்பும் காலையில் நெரிசல் இன்னும் கூடும்.

இனி சொற்களுக்கு வருவோம். கன்கரன்ட் இலத்தீன் வழி வந்தது. 'கோன்' என்றால் உடன், 'குர்ரெரே' என்றால் ஓடுதல். "கரன்ட் போயிருச்சு" என்கிறோமே, அந்தக் கரன்ட்டும் திரையில் துடிக்கும் கர்சரும் இதே வேரில் பிறந்தவை. தமிழில் இதற்கு ஒவ்வொரு துறையிலும் ஒரு பெயர். தண்டனைகளை 'ஏக காலத்தில்' அனுபவிக்க வேண்டும் என்று நீதிமன்றச் செய்திகளில் வரும். அரசியலமைப்பில் உள்ள கன்கரன்ட் லிஸ்ட், பொதுப்பட்டியல் ஆகிவிட்டது. கணினித் துறையில் பலரும் 'ஒரே நேர' என்று எழுதுகிறார்கள். இதை நான் ஏற்க மாட்டேன். ஒரே கணத்தில் இரண்டு வேலை நடந்தால் அது பேரலல், அதாவது இணை. ஒன்று முடியுமுன் இன்னொன்று தொடங்கி, இரண்டின் காலமும் ஒன்றன்மேல் ஒன்று படிவதுதான் கன்கரன்ட். ஒரே ஒரு பிராசசர் மாறி மாறிச் செய்தாலும் அது கன்கரன்ட்தான்.

இந்தப் பொருளுக்கான சொல் நம் இலக்கணத்திலேயே இருக்கிறது. மூன்றாம் வேற்றுமையின் பொருள்களாகக் கருவி, கருத்தா, உடனிகழ்வு என்ற மூன்றைச் சொல்கிறது நன்னூல். 'தந்தையொடு மகன் வந்தான்' என்பது உடனிகழ்வு. இருவரும் ஒரே நொடியில் வாசலில் கால் வைத்தார்கள் என்று இதற்குப் பொருளில்லை. ஒருவர் வருகை நடக்கும்போதே மற்றவர் வருகையும் நடக்கிறது, அவ்வளவுதான். கன்கரன்ட்டுக்கு 'உடனிகழ்' என்பதைவிடப் பொருத்தமான சொல் எனக்குத் தெரிந்து இல்லை.

பல்க் பழைய நோர்ஸ் மொழிச் சொல்; கப்பலில் ஏற்றும் சரக்கைக் குறித்தது. மூட்டை கட்டாமல் ஏற்றும் சரக்கைத் துறைமுகங்களில் இன்றும் பல்க் கார்கோ என்கிறார்கள். தமிழில் 'மொத்தம்' போதும். இன்சர்ட் என்பதைச் 'செருகல்' என்று எழுதுவோர் உண்டு. சுவடிகளில் பின்னால் நுழைத்த பாட்டை இடைச்செருகல் என்போம். அதற்கு முன், பின் என்ற வரிசை உண்டு. 1970-இல் எட்கர் காட் வகுத்த உறவுமுறைத் தரவு மாதிரியில் அட்டவணையின் ரோக்களுக்கு முன்பின் கிடையாது. ஆகவே 'பதிவு' சரி.

சொல்லைச் சரியாகப் பிடித்தால் சோதனையும் சரியாக அமையும். 'ஒரே நேரம்' என்று நினைப்பவர் ஐம்பது கோரிக்கைகளை ஒன்றாக ஏவிவிட்டு, பிழை வரவில்லை என்றால் திருப்தி அடைந்துவிடுவார். உடனிகழ்வு என்று நினைப்பவர் இரண்டு வேலைகள் எங்கே படிகின்றன என்று தேடுவார். பாம்பன் கடற்கரையில் சிக்னல் விட்டுவிட்டு வந்தால், பதில் கிடைக்காத கைபேசி அதே கட்டை மறுபடி அனுப்பும். முதல் பரிவர்த்தனை (முழுதாக ஏறும், இல்லையேல் முழுதாக ரத்தாகும் வேலை) இன்னும் கமிட் ஆகவில்லை, அதாவது நிலைபெறவில்லை. அதே படகு எண், அதே தேதியோடு இரண்டாவது வந்து நிற்கிறது. 'இருக்கிறதா' என்று பார்த்துவிட்டுப் பதியும் நிரல் இங்கே ஏமாறும், ஏனென்றால் இரண்டுமே 'இல்லை' என்றுதான் பார்க்கும். படகு எண், தேதி, மீன்வகை மூன்றுக்கும் சேர்த்துத் தனித்துவக் கட்டுப்பாடு (அதே சேர்க்கை இரண்டாம் முறை வரக்கூடாது என்ற விதி) போட்டிருந்தால், போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தளம் இரண்டாவதைக் காக்க வைக்கும். முதலாவது கமிட் ஆனால் இரண்டாவது பிழையாகும். முதலாவது ரத்தானால் இரண்டாவது பதிவாகும். முதலாவதை வேண்டுமென்றே திறந்து வைத்துக்கொண்டு இரண்டு முடிவையும் தனித்தனியே சோதிக்க வேண்டும். அரைக் கட்டு மட்டும் பதிந்து கிடக்கிறதா என்றும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

அப்புறம் டெட்லாக். ஒரு கட்டில் பதிவுகள் அ, ஆ என்ற வரிசை. இன்னொன்றில் ஆ, அ. ஒன்றுக்காக ஒன்று காத்து நிற்கும். போஸ்ட்கிரெஸ் இயல்பமைப்பில் ஒரு நொடி காத்தபின் சோதித்து, ஒன்றை ரத்து செய்யும். கட்டை அனுப்புமுன் சாவி (பதிவை அடையாளம் காட்டும் மதிப்பு) வாரியாக அடுக்கிவிட்டால் இந்தச் சிக்கல் வராது.

பைத்தான் மொழியில் வலைச்செயலி எழுத உதவும் ஜாங்கோவில் சோதிப்பவர்கள் டெஸ்ட்கேஸ் வகுப்பை இதற்குப் பயன்படுத்தக் கூடாது. அது சோதனை முழுவதையும் ஒரே பரிவர்த்தனைக்குள் அடைத்துவிடுவதால் அடுத்த இணைப்புக்கு எதுவும் தெரியாது. டிரான்சாக்‌ஷன்டெஸ்ட்கேஸ்தான் வேண்டும். எஸ்க்யூலைட் என்ற சிறு தரவுத்தளத்தில் ஓட்டிப் பார்ப்பதும் உதவாது, அது ஒரு நேரத்தில் ஒருவரைத்தான் எழுத விடும்.