இங்கிலாந்து போன வழியும் டர்பன் சரக்குக்கு வந்த வரியும்

"வெள்ளைக்காரன் வீட்டுச் சண்டை, நமக்கென்ன அண்ணா?" 2016 ஜூன் மாதம் பிரிட்டனில் வாக்கெடுப்பு நடந்து, 51.9 விழுக்காட்டினர் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேற வேண்டும் என்று சொன்னபோது, தென்னாப்பிரிக்காவின் டர்பனில் என் வாடிக்கையாளர்கள் பலர் இப்படித்தான் கேட்டார்கள். நான் இங்கே கிளியரிங் ஏஜென்ட். துறைமுகத்துக்கும் சுங்கத்துக்கும் நடுவே காகிதம் சுமப்பதுதான் தொழில். ஒரு நாடு வணிகக் கூட்டமைப்பை விட்டுப் போனால் என்ன ஆகும் என்று பொருளாதார வல்லுநர்கள் மொத்த உற்பத்தி, முதலீடு என்று பேசுவார்கள். அதை நான் பார்ப்பது கன்டெய்னர் மட்டத்திலிருந்து.

கன்டெய்னர் மட்டத்தில் முதலில் கண்ணில் படுவது வரி இல்லை. அந்தச் சரக்கு எங்கே விளைந்தது, எங்கே உருமாறியது, எந்த வழியாக வந்தது என்ற கேள்விதான். கூட்டமைப்புக்குள் இருக்கும்வரை யாரும் கேட்காத கேள்வி அது. ஒருவர் வெளியேறிய மறுநாள் காலையில் எல்லாரும் கேட்கிறார்கள். அவர்களோடு எந்தச் சண்டையும் இல்லாத மூன்றாவது ஆளிடமும் கேட்கிறார்கள். அந்த மூன்றாவது ஆள் நாம்.

டர்பனுக்கு அருகே டோங்காட் பக்கம் பழ ஜாமும் மாங்காய் அச்சாரும் பாட்டிலில் அடைத்து விற்கும் ஒரு அக்கா இருக்கிறார். குடும்பத் தொழில். சில மாதங்களுக்கு ஒரு கன்டெய்னர் ரோட்டர்டாமுக்குப் போகும். அங்கே தென்னாப்பிரிக்கச் சரக்கு என்று சான்று காட்டி, சலுகையில் இறக்குமதி செய்து, கிடங்கில் அடுக்குவார்கள். பாதி நெதர்லாந்து, ஜெர்மனி கடைகளுக்கு. மீதி ஆர்டர் வரவர லாரியில் லெஸ்டருக்கும் லண்டனுக்கும். ஒரே சந்தை என்பதால் ரோட்டர்டாமில் ஒருமுறை சுங்கம் முடிந்தால் போதும், லாரி ஆங்கிலக் கால்வாயைத் தாண்டும்போது யாரும் நிறுத்த மாட்டார்கள்.

பிரிட்டன் 2020 ஜனவரி 31இல் வெளியேறியது. ஆனால் இடைக்காலம் அந்த ஆண்டு டிசம்பர் 31 வரை நீண்டதால் வணிகத்தில் எதுவும் மாறவில்லை. 2021 ஜனவரி 1இல் மாறியது. வரி வராது என்றுதான் அக்கா நம்பியிருந்தார், அதற்குக் காரணமும் இருந்தது. தென்னாப்பிரிக்கா சேர்ந்திருக்கும் தெற்கு ஆப்பிரிக்கச் சுங்க ஒன்றியமும் மொசாம்பிக்கும் பிரிட்டனோடு தனி ஒப்பந்தம் போட்டு, அது அதே ஜனவரி 1இல் நடைமுறைக்கும் வந்துவிட்டது. ஐரோப்பிய ஒன்றியத்தோடு 2016இலிருந்து இருக்கும் ஒப்பந்தத்தின் நகல் என்றே சொல்லலாம். ஐரோப்பாவும் பிரிட்டனும் தங்களுக்குள் வரியில்லா ஒப்பந்தம் செய்துகொண்டன. அப்புறம் என்ன பயம்?

அந்த ஆண்டு லாரி இங்கிலாந்து எல்லையில் நின்றது. அங்கே வாங்குபவரிடம் முழு வரி கேட்டார்கள். அவர் அக்காவுக்கு மின்னஞ்சல் போட்டார், அக்கா அதைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தார். அதுவரை வேறொருவர் வழியாக அனுப்பிக்கொண்டிருந்தார்.

எங்கே சிக்கியது என்றால், அந்த அச்சார் ஐரோப்பாவில் செய்யப்பட்டதல்ல. அதனால் ஐரோப்பா-பிரிட்டன் ஒப்பந்தத்தின் சலுகை அதற்குக் கிடையாது. அந்தச் சலுகை ஐரோப்பாவில் உருவான பொருளுக்குத்தான், ஐரோப்பா வழியாக வந்த பொருளுக்கு அல்ல. சரி, தென்னாப்பிரிக்கப் பொருள்தானே, நம் ஒப்பந்தத்தில் கேட்கலாமே என்றால், அங்கே வேறொரு நிபந்தனை. சரக்கு வழியில் எங்கே நின்றாலும் அந்நாட்டுச் சுங்கக் கண்காணிப்பை விட்டு வெளியே வந்திருக்கக் கூடாது. ரோட்டர்டாமில் இறக்கி ஏற்றினால் பரவாயில்லை. ஆனால் அங்கே இறக்குமதி முடித்துச் சந்தைக்குள் விட்டுவிட்டால் அந்தத் தொடர்பு அறுந்துபோகும். இரண்டு ஒப்பந்தத்திலும் வரி பூஜ்யம், நடுவில் விழுந்த பாட்டிலுக்கு மட்டும் முழு வரி!

தீர்வு கண்டோம். ஐரோப்பாவுக்குத் தனி, இங்கிலாந்துக்குத் தனி என்று சரக்கைப் பிரித்தோம். ஆனால் இங்கிலாந்துக்கு மட்டும் ஒரு முழு கன்டெய்னர் நிரப்பும் அளவுக்கு அவருக்கு வியாபாரம் இல்லை. மற்றவர் சரக்கோடு சேர்த்து அனுப்பினால் பெட்டிக்கு ஆகும் செலவு கூடும். இரண்டு இடத்தில் கிடங்கு, இரண்டு இறக்குமதிப் பதிவு எண், இரண்டு ஏஜென்ட். வரி என்ற பெயரில் ஒரு பென்ஸ் கட்டாமலே அவர் லாபம் மெலிந்துவிட்டது. பெரிய நிறுவனம் இதற்கென்று ஒரு ஆளை வேலைக்கு வைத்துக்கொள்ளும். சிறு நிறுவனத்துக்கு அந்த ஆள் சம்பளமே லாபம். பிரிட்டனிலேயே ஐரோப்பாவுக்குப் பொருள் அனுப்பிக்கொண்டிருந்த சிறு வியாபாரிகள் பலர் இதனால்தான் அந்தச் சந்தையையே கைகழுவினார்கள்.

காகிதம் என்று பொதுவாகச் சொன்னால் புரியாது. பொருள் எந்த நாட்டில் உருவானது என்று காட்ட யூர்-1 என்று ஒரு சான்றிதழ் உண்டு, பச்சைப் பின்னல் கோலம் போட்ட தாள். இங்கே அதைச் சரிபார்த்து முத்திரை வைப்பது நம் வருவாய்த் துறை. அந்தத் தாளில் இரண்டாம் எண் போட்ட கட்டத்துக்குள் எந்த இரு தரப்புக்கு இடையிலான சலுகை வணிகம் என்று எழுத வேண்டும். 2021க்குப் பிறகும் பழைய நகலைப் பார்த்து அங்கே 'ஐரோப்பிய ஒன்றியம்' என்றே நிரப்பிக் கொண்டுவந்த தாள்களைக் கண்டிருக்கிறேன். பிரிட்டனுக்குப் போகும் சரக்குக்கு அது செல்லாது. பின்தேதியில் சரியான சான்று வாங்க வழி இருக்கிறது. அது வரும்வரை கிடங்கு வாடகை ஏறிக்கொண்டே இருக்கும்.

பெரிய படத்துக்கு வருவோம். வாக்கு எண்ணிய அந்த ஒரே இரவில் பவுண்டு சுமார் 1.50 டாலரிலிருந்து 1.33க்கும் கீழே விழுந்தது, 1985க்குப் பிறகு காணாத தாழ்ந்த மதிப்பு. அன்றைக்கு எந்தச் சட்டமும் மாறியிருக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். வெளியேறப் போகிறார்கள் என்ற செய்தியே போதுமாக இருந்தது. பவுண்டில் விலை பேசி வைத்திருந்தவர்கள் கையில் வந்த நம் ரேண்ட் பணம் குறைந்தது. நீண்ட கால விளைவு பற்றி பிரிட்டனின் பட்ஜெட் பொறுப்பு அலுவலகம் சொல்லும் மதிப்பீடு, உள்ளேயே இருந்திருந்தால் எட்டியிருக்கக்கூடியதைவிட உற்பத்தித் திறன் 4 விழுக்காடு குறையும் என்பது. நாலுதானே என்று தோன்றலாம். ஆண்டுதோறும் ஒரு நாட்டின் வருமானத்தில் அத்தனை பங்கு என்று பார்த்தால் அது சின்னத் தொகையில்லை. அதே காலத்தில் கோவிட்டும் வந்துவிட்டதால், எது எதனால் என்று பிரித்துப் பார்ப்பது எளிதல்ல. 2020 டிசம்பரில் டோவர் பக்கம் லாரிகள் வரிசைகட்டி நின்ற படங்களைப் பிரெக்ஸிட் கணக்கில் எழுதியவர்கள் உண்டு. பிரான்ஸ் அப்போது எல்லையை மூடியது புதுவகைக் கிருமிக்குப் பயந்து.

நமக்கு லாபம் வந்த இடத்தையும் சொல்லியாக வேண்டும். தென்னாப்பிரிக்க ஆரஞ்சு, எலுமிச்சைக்கு ஐரோப்பா வைத்திருக்கும் கெடுபிடி இந்தத் துறையில் இருப்பவர்களுக்குத் தெரியும். கரும்புள்ளி நோய், பழத்தைத் துளைக்கும் அந்துப்பூச்சி என்று இரண்டு காரணம். குளிரூட்டும் விதிகளையும் கடுமையாக்கினார்கள். தென்னாப்பிரிக்கா இதை 2022இலும் 2024இலும் உலக வணிக அமைப்புக்கே கொண்டுபோனது. ஸ்பெயினில் தோட்டம் இருக்கிறது, அவர்கள் பயத்துக்கு ஒரு காரணமாவது இருக்கிறது. பிரிட்டனில் ஆரஞ்சுத் தோட்டம் ஏது? தனியே போனதும் அவர்களால் அந்த விதிகளைத் தளர்த்த முடிந்தது. பிரிட்டனின் புதிய வரி அட்டவணையிலும் பல பொருள்களுக்கு யார் அனுப்பினாலும் வரி இல்லை என்று ஆக்கிவிட்டார்கள். அந்தப் பட்டியலில் உங்கள் பொருள் இருந்தால் பச்சைத் தாளுக்காக அலையவே வேண்டாம். இதைப் பார்க்காமல் தேவையில்லாத சான்றுக்குக் காசு கொடுப்பவர்களும் இருக்கிறார்கள்.

இதெல்லாம் ஐரோப்பாவின் கதை என்று நினைக்க வேண்டாம். ஆப்பிரிக்கா இதை முன்பே பார்த்துவிட்டது. கென்யா, தான்சானியா, உகாண்டா மூன்றும் சேர்ந்திருந்த கிழக்கு ஆப்பிரிக்கச் சமூகம் 1977இல் உடைந்தது. ரயில், விமானம், துறைமுகம், தபால் எல்லாம் பொதுவில் இருந்தவை. கென்யா-தான்சானியா எல்லை 1983 வரை மூடிக் கிடந்தது, சொத்தைப் பிரிக்கவே 1984 ஆனது. மறுபுறம், 2025 ஜனவரி 29இல் மாலி, புர்கினா பாசோ, நைஜர் மூன்றும் மேற்கு ஆப்பிரிக்கப் பொருளாதாரச் சமூகத்தை விட்டு வெளியேறின. ஆனால் பிராங்க் நாணயத்தைப் பகிரும் சிறிய ஒன்றியத்தில் தொடர்ந்து இருக்கின்றன. அதனால் அடி ஓரளவு மட்டுப்படும். தான்சானியா 2000இல் கோமேசா என்ற கிழக்கு, தெற்கு ஆப்பிரிக்கப் பொதுச் சந்தையை விட்டபோதும், சாடெக் என்ற தெற்கு ஆப்பிரிக்க வளர்ச்சிச் சமூகத்தில் இடம் வைத்திருந்தது. வெளியேறும் நாட்டுக்கு ஒதுங்க வேறு திண்ணை இருக்கிறதா என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.

நம் வாசலில் இருப்பது முன்பு சொன்ன, 1910இல் தொடங்கிய தெற்கு ஆப்பிரிக்கச் சுங்க ஒன்றியம், இன்று உலகில் இருப்பவற்றில் மிகப் பழையது. லெசோத்தோவுக்கான சரக்கு டர்பனில் இறங்கினாலும் வரி பொதுப் பணப்பெட்டிக்குள் போய், பிறகு ஐந்து உறுப்பு நாடுகளுக்கும் பங்காகிறது. லெசோத்தோ, எஸ்வாத்தினி அரசுகளின் வருமானத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் இதிலிருந்தே வந்த ஆண்டுகள் உண்டு. இவர்களில் ஒருவர் வெளியேறினால், தன் வரியைத் தானே போடும் உரிமை கிடைக்கும், அந்தப் பங்கு போய்விடும். 2009இல் போட்ஸ்வானா, லெசோத்தோ, அன்று சுவாசிலாந்து எனப்பட்ட எஸ்வாத்தினி மூன்றும் ஐரோப்பாவோடு தனியே இடைக்கால ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டபோது ஒன்றியமே உடையுமோ என்ற பேச்சு கிளம்பியது. உடையவில்லை. உடைந்திருந்தால் லெசோத்தோ எல்லையில் மசேரு பாலத்தில் ஒவ்வொரு மாவு லாரியும் இப்போது மதிப்புக் கூட்டு வரிக்காக நிற்பது போதாதென்று, இறக்குமதி வரிக்கும் நின்றிருக்கும்.

ஏற்றுமதி செய்பவர்கள் இப்போதே பார்க்க வேண்டியது தங்கள் ஒப்பந்தத் தாளை. டிடிபி என்று, அதாவது வரியும் கட்டி வாங்குபவர் இடத்தில் சேர்ப்பதாக விலை பேசியிருந்தால், அங்கே விதி மாறி வரும் புதுச் செலவு முழுக்க உங்கள் தலையில். வாங்குபவர் வாசல் வரை கொண்டுபோவதாக ஒப்புக்கொண்டாலும் இறக்குமதி வரி அவருடையது என்று எழுதி வாங்குங்கள். இந்தியாவிலிருந்து வந்த மிளகாயை இங்கே அரைத்துப் பொடியாக்கிவிட்டால் அது தென்னாப்பிரிக்கப் பொருளாகிவிடும் என்று நம்பி விலை சொல்லாதீர்கள், ஆகாது. மூலப்பொருள் வாங்கிய பில்களை ஐந்து ஆண்டுக்கு வைத்திருங்கள். அங்கிருந்து விசாரணை வந்தால் நம் வருவாய்த் துறை உங்கள் கதவைத்தான் தட்டும். சான்று பொய்த்துப்போனால் வரி கட்டுவது இறக்குமதி செய்தவர், அவர் உங்கள் அடுத்த பில்லில் அதைக் கழித்துக்கொள்வார்.

பெல்ஃபாஸ்டிலிருந்து ஆர்டர் வந்தால் லண்டன் விலையையே சொல்லிவிட வேண்டாம். வட அயர்லாந்து பிரிட்டனின் சுங்க எல்லைக்குள் இருந்தாலும் சரக்குக்கு ஐரோப்பிய விதிகள் பலவற்றைப் பின்பற்றுகிறது. அங்கிருந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் இருக்கும் அயர்லாந்துக்குள் போக வாய்ப்புள்ள சரக்கு என்று கருதினால் ஐரோப்பிய வரியே கேட்பார்கள். யாருக்கு, எந்த ஊரில் விற்கப்போகிறார்கள் என்று வாங்குபவரிடம் எழுத்தில் கேட்டுக்கொண்டு, அப்புறம் விலை சொல்லுங்கள்.