காய்ச்சுவதற்கு முன் பாலில் நடப்பவை

பெங்களூரு அல்சூரில் எங்கள் தெருவுக்குப் பின்னால் இன்றும் ஒரு மாட்டுக் கொட்டகை இருக்கிறது. விடியற்காலையில் தூக்குடன் போய் நின்றால், கண்ணெதிரே கறந்த பால் நுரை அடங்குமுன் கைக்கு வந்துவிடும். அதில் கிருமி ஏதேனும் இருந்தாலும் காய்ச்சினால் போய்விடும் என்பது அங்கே வாங்குபவர்களின் நம்பிக்கை. அது பாதிதான் உண்மை என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

நோயில்லாத மாட்டின் மடியில் சுரக்கும் பாலில் பாக்டீரியா மிகக் குறைவு. காம்பின் துளையைத் தாண்டும்போதுதான் அது பாலில் சேரத் தொடங்குகிறது. கொட்டகையில் கறக்கும் அக்கா, ஒவ்வொரு காம்பிலிருந்தும் முதல் இரண்டு பீச்சுகளைத் தரையில் விட்டுவிடுகிறார். “அது கெட்ட பாலு, சேக்கக் கூடாது” என்று மாமியார் சொல்லிக் கொடுத்தாராம். மாமியார் சொன்னது சரியே. துளைக்குள் தங்கியிருந்த பாக்டீரியா அந்த முதல் பாலோடு அடித்துக்கொண்டு வெளியேறுகிறது. ஆனால் அதைத் தரையில் விடாமல் தனிக் கிண்ணத்தில் பிடிப்பதே நல்லது. மடிநோய் கண்ட மாடாக இருந்தால் பால் திரித்திரியாக வருவது கிண்ணத்தில் கண்ணுக்குத் தெரிந்துவிடும். நோய்க்குக் காரணமான ஸ்டஃபைலோகாக்கஸ் போன்ற பாக்டீரியா தரையிலும் பரவாது. மடியைக் கழுவிவிட்டு ஈரத்தோடு கறப்பதும் தவறு. சாணத்தைக் கரைத்த நீர் காம்பு வழியே சொட்டிப் பாலில்தான் விழும் என்பதால், சுத்தமான துணியால், அதுவும் மாட்டுக்கு ஒரு துணியால், துடைத்து உலர்த்த வேண்டும்.

இவ்வளவு கவனமாகக் கறந்த பாலையும் ஒரு கேன் கெடுத்துவிட முடியும். கேனின் கழுத்து உடலோடு சேரும் இடுக்கிலும், மூடியின் ரப்பர் வளையத்துக்கு அடியிலும் விரலை விட்டுப் பாருங்கள். மஞ்சள் நிறத்தில் சொரசொரப்பான படிவு ஒன்று தட்டுப்படலாம். பாலின் கால்சியமும் பாஸ்பேட்டும் புரதமும் சேர்ந்து இறுகிய அந்தப் படிவுக்குள், தாமே சுரந்த பசையில் ஒட்டிக்கொண்டு பாக்டீரியா கூட்டமாக வாழ்கிறது. வெறும் தண்ணீரில் அலசினால் அது அசையாது. சோடாவும் சூடான நீரும் பிரஷ்ஷும் வேண்டும். கழுவிய பின் கேனைக் கவிழ்த்து உலரவிடவும் வேண்டும்.

பால் மடியிலிருந்து மாட்டின் உடல் சூட்டோடு, ஏறத்தாழ 38 டிகிரி செல்சியஸில் வருகிறது. பாலில் இயல்பாகவே உள்ள சில காப்புப் பொருட்கள் தொடக்கத்தில் பாக்டீரியாவைச் சிறிது நேரம் கட்டுப்படுத்தும். அதன்பின் சாதகமான சூட்டில் ஈ.கோலை என்ற குடல் பாக்டீரியா சுமார் 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கும். அந்த வேகத்தில் போனால் ஒன்று 6 மணி நேரத்தில் 2,62,144 ஆகிவிடும். பெங்களூருவின் குளிர்ச்சியை நம்பிப் பாலை வெளியே வைப்பவர்கள் பலர். 25 டிகிரியில் வேகம் குறையுமே தவிர, பெருக்கம் நிற்காது. பாலை விரைவில் 4 டிகிரிக்குக் கொண்டுபோனால்தான் பெரும்பாலான பாக்டீரியா அடங்கும்.

அந்தக் குளிரிலும் மெல்லப் பெருகக்கூடியது சூடோமோனாஸ். காய்ச்சினால் அது இறந்துவிடும். ஆனால் அது சுரந்து வைத்த, புரதத்தையும் கொழுப்பையும் சிதைக்கும் நொதிகள் வெப்பத்தைத் தாங்கி நின்று, பிறகும் பாலில் கசப்பையும் ஊசல் வாடையையும் உண்டாக்குகின்றன. ஸ்டஃபைலோகாக்கஸ் வெளியிடும் நச்சும் அப்படித்தான்: கிருமி செத்த பின்னும் அழியாமல் வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரவழைக்கும். பாலைக் காய்ச்சாமல் குடிக்கலாம் என்று இதற்குப் பொருள் கொள்ளவே கூடாது. மாட்டிடமிருந்து மனிதருக்குக் காய்ச்சலைத் தொற்றவைக்கும் புருசெல்லா, காசநோய்க் கிருமி போன்றவற்றை ஒழிப்பது அந்தக் கொதிதான்.

கண்ணால் பார்த்து எந்தப் பாலில் எவ்வளவு பாக்டீரியா என்று சொல்ல முடியாது. அதற்கு மெத்திலீன் நீலச் சோதனை உண்டு. பாலில் இந்தச் சாயத்தைச் சேர்த்து 37 டிகிரியில் வைத்தால், பாக்டீரியா பெருகப் பெருக நீலம் வெளுக்கும். 5 மணி நேரம் நிறம் நின்றால் மிக நல்ல பால். அரை மணி நேரத்துக்குள் போய்விட்டால் மோசமான பால். ஒரே மாட்டின் பாலைக் காம்பிலிருந்து நேராக ஒரு சோதனைக் குழாயிலும், கேனில் ஊற்றி எடுத்து இன்னொரு குழாயிலும் வைத்துப் பார்த்தால், கேன் குழாய் எத்தனை நிமிடம் முந்தி வெளுக்கிறது என்பதிலேயே அந்த ரப்பர் வளையத்தின் பங்கு தெரிந்துவிடும்.