ஈஸ்ட் என்றால் நொதி இல்லை

நத்தார் நெருங்கினால் தமிழில் புரூடர் என்ற நத்தார்ப் பலகாரத்தின் செய்முறைகள் வரத் தொடங்கிவிடும். அவற்றில் ஒன்றிலாவது "இரண்டு தேக்கரண்டி நொதி சேர்த்து நன்றாகப் புளிக்க விடவும்" என்று இருக்கும். போன வருடம் அதை நம்பி என் தங்கையின் மகள் மாவைப் பிசைந்து இரவு முழுக்க அடுப்படியில் வைத்துவிட்டாள். தோசைக்கு அப்படித்தானே வைக்கிறோம்? விடியப் பார்த்தால் மா பொங்கி அமிழ்ந்து, கள்ளு வாடையோடு கிடந்தது. "பெரியம்மா, புளிச்சிட்டுதுதானே, பிறகேன் சரிவரேல்ல?" என்று கேட்டாள். பிழை அவளுடையது அல்ல. அந்த ஒரு வரியில் இரண்டு சொற்கள் பிழை: ஈஸ்டை நொதி என்றதும், மா பொங்குவதைப் புளிப்பது என்றதும்.

புரூடர், 1658 முதல் 1796 வரை இலங்கைக் கரையோரங்களை ஆண்ட ஒல்லாந்தர் விட்டுப்போன பலகாரம், பெயரும் அவர்களுடையதே. ஐரோப்பியர் வழிவந்த பறங்கியர் வீடுகளில் நத்தாருக்கும் புதுவருடத்துக்கும் அதை நெளிவுள்ள அச்சில் சுட்டு, வெண்ணெயும் ஈடம் சீஸும் வைத்துத் தின்பார்கள். பேக்கரியில் பிசைந்த பாண் மாவை வாங்கிவந்து முட்டை, சீனி, வெண்ணெய், பிளம்ஸ் என்ற உலர்திராட்சை சேர்ப்பது பழைய வழி. அந்த மாவை எழுப்புவது ஈஸ்ட்.

ஈஸ்ட் என்ற ஆங்கிலச் சொல்லின் வேர் கொதித்தல், நுரைத்தல். பிரெஞ்சிலும் ஜெர்மனிலும் அதற்குரிய சொற்கள் 'தூக்குவது' என்ற பொருளில் பிறந்தவை. புளிப்பு இவற்றில் எங்கும் இல்லை.

சரி, நொதிக்கு வருவோம். தமிழ்நாட்டுப் பாடநூல்களில் நொதி என்றால் என்சைம். இலங்கையில் அதையே நொதியம் என்கிறோம். ஈஸ்ட் ஓர் உயிர், ஒற்றைக்கலப் பூஞ்சை. நொதி அந்த உயிர் தனக்குள் ஆக்கும் புரதம். என்சைம் என்ற பெயருக்கே 'ஈஸ்டுக்குள் இருப்பது' என்பதுதான் கிரேக்கப் பொருள். 1897இல் ஜெர்மன் இரசாயனவியலாளர் எட்வர்ட் புக்னர் ஈஸ்டை அரைத்துப் பிழிந்து, உயிருள்ள கலம் இல்லாத சாறும் சீனியை நொதிக்கச் செய்யும் என்று காட்டினார். இரண்டும் வேறு என்பது அன்றே தெளிந்த விஷயம். ஈஸ்டை நொதி என்பது பசுவைப் பால் என்பது போல. 'நொதித்தலைச் செய்வது நொதிதானே, சமையலுக்கு அது போதாதா' என்று கேட்பவர்கள் உண்டு. போதாது. உயிர் என்று தெரிந்தால்தான் கொதிக்கும் பாலில் போட்டுக் கொல்லக்கூடாது என்றும், சீனியும் வெண்ணெயும் கூடினால் அது மெதுவாகத்தான் வேலை செய்யும் என்றும் விளங்கும். நாளைக்கு அதே பிள்ளை விஞ்ஞானப் பாடத்தில் நொதி என்ற சொல்லைக் கண்டால் எதை நினைப்பாள்?

'புளித்த மா' என்பதும் வேண்டாம். விவிலியத் தமிழில் அது சரி, அங்கே பேச்சு முந்தைய மாவில் எடுத்துவைத்த உறையைப் பற்றியது. தோசை மாவைப் புளிக்கவைப்பவை பெரும்பாலும் பாக்டீரியாக்கள். புரூடர் புளித்தால் பழுது.

இலங்கைப் பாடநூல்களில் ஈஸ்டுக்கு மதுவம் என்ற அருமையான சொல் பல காலமாக இருக்கிறது. 'மது என்று வருகிறதே' என்று சிலர் முகம் சுளிக்கிறார்கள். ஏன் சுளிக்க வேண்டும்? கள்ளை நுரைக்கவைப்பதும் அதுதான். அப்ப மாவுக்குக் கள்ளு விட்ட நம் பாட்டிகள் மதுவத்தைத்தான் விட்டார்கள். மதுவம் பிடிக்காவிட்டால் ஈஸ்ட் என்றே எழுதுங்கள், பாண் என்று போர்த்துக்கேயச் சொல்லைச் சொல்லிக்கொண்டுதானே சாப்பிடுகிறோம். எனக்குத் தூய தமிழில் ஆசை உண்டு, ஆனால் தூய தமிழில் எழுதிய பிழையைவிட கடன் வாங்கிய சரியான சொல் மேல். மொழிபெயர்ப்பவர்கள் அகராதியில் முதலில் கண்ட சொல்லை எடுத்து ஒட்டுகிறார்கள், ஒருநாளும் அந்த மாவில் கை வைத்திருக்க மாட்டார்கள்.

அந்த வரியை நான் இப்படி எழுதுவேன்: "இரண்டு தேக்கரண்டி மதுவத்தை இளஞ்சூட்டுப் பாலில் கரைத்துச் சேர்த்து, மா இரண்டு மடங்காகப் பொங்கும்வரை மூடிவையுங்கள்."